அவருக்கு இருபது கிரே

"இடுப்பெலும்புக்காரர் குடுவைக்கு எட்டு கிரே அளவு கதிர்வீச்சு. பத்து மணிக்குள்ள போயிடணும்மா," என்றார் ஆய்வகத் தலைவர்.

அவருக்குத் தெரியாது, இடுப்பெலும்புக்காரர், குடுவைகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய கணவர் என்று. அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த எலும்பை, அதிலிருந்த மஜ்ஜையோடு ஆய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த கோடையில் போய்விட்டார். உயிரோடு மிச்சமிருந்தது இந்த ஒரு குடுவைதான். உணவு கரைத்த இளஞ்சிவப்பு நீருக்கடியில் செல்கள் தரையோடு ஒட்டி, மீன்கூட்டம் திரும்புவதுபோல் வளைந்து படுத்திருந்தன. வீட்டில் ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் ஒட்டி உட்கார்ந்திராத மனுஷர்.

"இவருக்கு இப்பதான் சாப்பாடு மாத்தினேன் சார்."

"மாத்தினா என்ன? தெம்பா போகட்டும்."

அவள் வேறொருவர் குடுவையில் கணவருடைய சீட்டை ஒட்டிப் பெட்டியில் வைத்துக் கதிரறைக்கு எடுத்துப்போனாள். பொய் பிசகாமலிருக்க, பெட்டியை நீட்டும்போதே சொல்லி வைத்தாள்.

"அண்ணே, உள்ளே அவர் இருக்கார்."

கதிரறைக்காரர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், செத்திருக்க வேண்டிய அந்தச் செல்கள் திட்டுத்திட்டாகப் பெருகியிருந்தன.

"எட்டு கிரேயை மென்னு முழுங்கிட்டாரே மனுஷன்," என்று தலைவர் பூரித்துப்போனார். "பன்னிரண்டு குடுப்போம்."

கடைசியாக இருந்த இன்னொருவர் குடுவையும் சீட்டு மாறிப் போனது. அதுவும் அசரவில்லை.

"கட்டுரை எழுத ஆரம்பிச்சிட்டேன். இருபது குடுத்துப் பார்த்துடலாம். நானும் கூட வரேன்."

அலமாரியில் இனி மாற்றி வைக்க ஆளில்லை. அவரையே நெஞ்சோடு அணைத்து எடுத்துப்போனாள். பின்னாலேயே தலைவரின் செருப்புச் சத்தம்.

"அண்ணே," என்றாள், குடுவையை நீட்டியபடி. "உள்ளே அவர் இருக்கார்."

கதவு சாத்திக்கொண்டது.

அதன்பின் பதினைந்து நாள் அவள் தரையில் நடந்ததாக நினைவில்லை. பேருந்து ஜன்னல், பாத்திரம் கழுவும் தொட்டி, தலையணை எல்லாவற்றிலும் இளஞ்சிவப்பு நீர் மெல்ல அலைந்தது. பதினாறாம் நாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். சுவருக்குச் சுவர் கை காலை நீட்டிப் படுத்திருந்தார் அவர்.

நேராகக் கதிரறைக்குப் போனாள்.

"அண்ணே, இருபது கிரேயை எந்தச் செல்லாவது தாங்குமா?"

"தாங்காதும்மா," என்றார் அவர், தேநீர்க் கோப்பையை அலசியபடி. "ஆனா உள்ளே ஒருத்தர் இருக்கார்னு சொன்னா கதிர் பட்டனைத் தொடக் கூடாது, அதுதான் இங்க சட்டம். மூணு தடவையும் நான் தொடவே இல்லை."