கார்டு சார் அடைஞ்சாச்சா?

சங்கரன்கோவிலில் கலெக்டரையும் காக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் தெரு கேட் அண்ணாச்சிதான். கலெக்டர் என்ன, கல்யாண ஊர்வலம், சவ ஊர்வலம், ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் என்று ஒருவரையும் அவர் விட்டதில்லை. பிரசவத்துக்குப் போன ஆட்டோ ஒன்றையும் நிறுத்தினார். அதில் பிறந்த பிள்ளை இப்போது காலேஜுக்குப் போகிறான். அவனுக்கும் இவர்மேல் கோபம்தான்.

ரயில்வே கேட்டில் கேட்கீப்பராக இருந்தார். கம்பியை இறக்கிவிட்டு, கையில் பச்சைக் கொடியோடு அவர் நிற்பதைப் பார்த்தால் ரயிலே இவரிடம் உத்தரவு வாங்கித்தான் வருகிறதோ என்று தோன்றும். பிறகு ரிட்டயர் ஆனார். கேட் போயிற்று, நிறுத்துகிற பழக்கம் போகவில்லை. தெருமுனையில் நின்றுகொண்டு கையைக் குறுக்கே நீட்டிவிடுவார்.

"எங்கன போற?"

"பால் வாங்கப் போறேன் அண்ணாச்சி."

"அந்தா லோடு ஆட்டோ வருதுல்லா, அது போவட்டும். பொறவு போ."

ஆட்டோ ராஜபாளையம் ரோட்டில் எங்கேயோ வந்துகொண்டிருக்கும். அது வந்து, போய், புகை அடங்கிய பிறகுதான் கை இறங்கும். அதற்குள் பால் தீர்ந்துவிடும்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு சேவல் வந்தது. அவர் மனைவி மரகதம் மதினி சந்தையில் வாங்கியது. வாங்கின நோக்கம் சுத்தமானது: தீபாவளிக்குக் குழம்பு. ஆனால் அண்ணாச்சி அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். தலையில் சிவப்புக் கொண்டை, பின்னால் பச்சை மினுங்குகிற வால். சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் யார்? ரயிலின் கடைசிப் பெட்டியில் வெள்ளைச் சட்டையோடு நிற்பாரே, அந்த கார்டு. பெயர் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்த உயிரைக் குழம்பு வைக்க முடியுமா? அந்தத் தீபாவளிக்கு மதினி கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்.

மனிதர்களையெல்லாம் "ஏலே", "வே" என்று கூப்பிடுகிறவர் சேவலை மட்டும் "கார்டு சார்" என்பார். "கார்டு சார் இன்னும் சாப்பிடல", "கார்டு சாருக்கு வெயில் ஆவல". மதினி வாசல் தெளித்துக்கொண்டே தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்: "நான் வாக்கப்பட்டு இத்தன வருசமாச்சு. ஒரு நாளாவது இவுக என்னைய சாப்ட்டியான்னு கேட்டிருப்பாகளா? அந்தக் கொண்டக்காரனுக்குக் கம்பு ஊற வைக்க மட்டும் நான் வேணும்."

வளர்த்தவர் குணம் வளர்ந்ததற்கும் வந்தது. கார்டு சாரும் தெருவில் போவோர் வருவோரை நிறுத்த ஆரம்பித்தார். அண்ணாச்சியாவது கையைத்தான் நீட்டுவார். இவர் கொத்துவார். கொரியர்காரப் பையன் எங்கள் தெருவுக்கு வந்தால் வண்டியிலேயே உட்கார்ந்தபடி காலை ஹேண்டில்பார்மேல் தூக்கி வைத்துக்கொண்டு பெயரைக் கத்துவான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்தத் தடதடப்பில்தான் நாங்கள் பிறந்தோம், படித்தோம், பரீட்சையில் தோற்றோம். தறி ஓடினால்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். ஆனால் கரண்டு போனால் தறிகள் நின்று தெரு கப்பென்று அடங்கிவிடும். அந்த அமைதியைக் கேட்டதும் கார்டு சாருக்கு விடிந்துவிடும். எந்நேரமானாலும் கூரைமேல் ஏறிக் கூவுவார். நூறு தறிச் சத்தத்தைச் சங்கீதமாகக் கேட்டு வளர்ந்த தெரு, ஒரு கோழிச் சத்தத்தைத் தாங்கமாட்டாமல் பொங்கி எழுந்தது.

அதற்குத் தலைமை ஏற்றவர் புதிதாகக் குடிவந்த பேங்க்காரர். வெளியூர்க்காரர். ஒரு நாள் ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் கார்டு சாரைத் தாண்டி ஓடப் பார்த்திருக்கிறார். தெருக்கூட்டம் கூடியது. பேங்க்காரர் பேன்ட்டைச் சுருட்டிக் கெண்டைக்காலைக் காட்டினார்.

"பாருங்க சார், எப்படிக் கொத்தியிருக்குன்னு. ஊசி போட்டுட்டு வர்றேன்."

அண்ணாச்சி குனிந்து காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவரு நிக்கச் சொல்லும்போது நீரு ஏன்வே போனீரு?"

இந்தக் கேள்விக்கு எந்த பேங்க் பரீட்சையிலும் பதில் சொல்லித் தருவதில்லை. தெருவில் பெரிய தறிக்கார முதலாளிதான் தீர்ப்புச் சொன்னார்: "அண்ணாச்சி, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒண்ணு அறுத்துருங்க, இல்லன்னா யாருக்காவது குடுத்துருங்க. தெருவுல இருக்கக்கூடாது."

ஊரையே நிறுத்தியவர் அன்றைக்குத்தான் தானே நின்றுபோனார்.

மறுநாளே ஆடு நனைகிறதென்று ஓநாய்கள் அழ ஆரம்பித்தன. முதலில் வந்தவர் புரோட்டாக் கடைக்காரர். "எங்கிட்ட குடுங்க அண்ணாச்சி. எம்புள்ள மாதிரி பாத்துக்கிடுதேன்." சொல்லும்போதே அவர் கண் கார்டு சாரின் தொடையில் இருந்தது. அடுத்து வந்தவர், மருமகன் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் நன்றாக வளர்ப்பேன் என்றார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எப்படி வளர்ப்பார் என்று அவர் சொல்லவில்லை.

அண்ணாச்சி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கறி தின்கிற வீட்டுக்குக் கார்டு சாரை அனுப்ப முடியாது. சுத்த சைவக் குடும்பமாகப் பார்த்துத்தான் கொடுப்பது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். வண்டி ஓட்ட நான். கோயில் பக்கத்துத் தெருக்களில் ஒரு சைவ வீட்டை விடவில்லை. நாங்கள் உள்ளே போய் உட்காருவோம். காப்பி வரும்.

"ஒங்க வீட்டுல கவுச்சி உண்டா?"

"சேச்சே! தலைமொற தலைமொறயா நாங்க சைவம்லா!"

"ரொம்ப சந்தோசம். ஒரு சேவல் வளக்கணும்."

காப்பி டம்ளரைப் பிடுங்காத குறைதான். ஒரு வீட்டில் மட்டும், "முட்டை மட்டும் சாப்பிடுவோம், அது வேற" என்றார்கள். முட்டையில் ஆரம்பிக்கிறவன் எங்கே போய் முடிப்பான் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். எழுந்துவிட்டார். இன்னொரு வீட்டில் எல்லாம் பொருந்தி வந்தது. கொல்லை பெரிசு, நாய் இல்லை. கடைசியில் சுவரில் மாட்டியிருந்த ஃபோட்டோவைப் பார்த்தார்.

"இது ஆரு?"

"எம்மவன். கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கான்."

"அப்ப வேண்டாம்," என்று செருப்பை மாட்டிவிட்டார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "ஹாஸ்டல்ல இருக்க பய எதயும் திம்பான் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை நெருங்கியபோதுதான் அவருக்குத் தன் பழைய ஸ்டேஷன் மாஸ்டர் ஞாபகம் வந்தது. ரிட்டயர் ஆகி மேலநீலிதநல்லூரில் இருந்தார். சுத்த சைவம். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் பெங்களூரில், சுற்றிலும் வேலி போட்ட பெரிய வீட்டில் தனி ஆள். இருவரும் நண்பர்கள் என்று சொல்லிவிட முடியாது. வேலையில் இருந்த காலம் முழுக்க ஃபோனில் சண்டை போட்டவர்கள். முகத்தைப் பார்த்ததைவிடக் குரலைக் கேட்டதுதான் அதிகம்.

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. ரயில் வரப்போகிறது, கேட்டைச் சாத்து என்று ஸ்டேஷனிலிருந்து ஃபோன் வரும். சாத்திவிட்டு "சாத்தியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது. அதற்கு அத்தாட்சியாக ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரகசிய நம்பர் சொல்ல வேண்டும். அந்த நம்பர் வந்தால்தான் ரயிலை விடுவார்கள். கேட்டைச் சாத்தாமல் நம்பர் கொடுத்தால் உயிர் போகும். அதனால் வேறு எதில் பொய் சொன்னாலும் அந்த நம்பரில் மட்டும் யாரும் பொய் சொல்வதில்லை.

நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னதும் ஸ்டேஷன் மாஸ்டர் திடுக்கிட்டார். "வே, நான் கோழியக் கையால தொட்டதில்ல. எனக்கு எதுக்குவே சேவலு?"

"அதுக்குத்தான் சார் ஒங்களத் தேடி வந்தேன்."

பிரிவுபசாரம் டவுன் பஸ்ஸில் நடந்தது. கூடைக்குள் கார்டு சார், மடியில் கூடை. கண்டக்டர் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "ரயில்ல கார்டுக்கு டிக்கெட் எடுப்பாகளாவே?" என்று அண்ணாச்சி சீறினார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கரிசல் காட்டைப் பார்த்தேன்.

வீடு திரும்பியவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எங்கப்பா என்னையக் கட்டிக்குடுத்தன்னைக்குக் கூட இப்படிப் பட்டினி கெடக்கலயே" என்றார் மதினி. தெரு நிம்மதி அடைந்தது என்று நினைக்கிறீர்களா? கூவி எழுப்ப ஆளில்லாமல் முதல் வாரமே பேங்க்காரர் எழுந்திருக்கத் தாமதமாகி ஆபீசில் திட்டு வாங்கினார். நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

அன்றிலிருந்து தினமும் பொழுது அடைகிற நேரத்தில் அண்ணாச்சி வாசலுக்கு வந்து செல்ஃபோனை எடுத்து, இன்னும் ரயில்வே கேட்டிலேயே இருப்பதுபோலப் பேசுவார். தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே, அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், தெருவுக்கே கேட்கும்.

"சார், கேட்டு பேசுதேன். கார்டு சார் அடைஞ்சாச்சா?"

"அடைச்சாச்சுவே. கூண்டுக் கதவப் பூட்டியாச்சு."

"நம்பர் குடுங்க சார்."

"எழுவத்தி நாலு."

"எழுவத்தி நாலு. ரைட் சார்."

அவ்வளவுதான். வைத்துவிடுவார். நலமா, சாப்பிட்டீர்களா, மழை உண்டா, ஒன்றும் கிடையாது. முந்தின நாள் நம்பரையே சொல்லி ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடுவார். "அது நேத்துக் குடுத்தது சார், புதுசு குடுங்க" என்பார். எங்கள் தெருப் பிள்ளைகள் அவரைப் பார்த்தாலே "நம்பர் குடுங்க சார்" என்று கத்திவிட்டு ஓடினார்கள். நானும் ஆபீசில் இதை நடித்துக் காட்டிப் பெயர் வாங்கினேன்.

நேரில் மட்டும் போகமாட்டார். கட்டிக்கொடுத்த வீட்டில் அடிக்கடி போய் நின்றால் மரியாதை இருக்காதாம். கடைசியில் ஆடி வந்தது. "ஆடிச் சீர் செய்யாண்டாமா? இல்லன்னா மாமனாரு கஞ்சப்பயன்னு பேராயிரும்" என்று மதினி கேலி செய்தார். அவர் கேலியை அண்ணாச்சி ஆலோசனையாக எடுத்துக்கொண்டார். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்ததும் ஒரு பை நிறையக் கம்போடு என் வண்டியில் ஏறிவிட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் வீடு பூட்டியிருந்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனோம். கூண்டு இருந்தது. கதவு திறந்து கிடந்தது, உள்ளே நூலாம்படை. பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்தார்.

"சேவலயா கேக்கீக? அது செத்து ஒரு மாசம் இருக்குமே. விடியக்காலம் காட்டுப்பூன வந்துட்டு. எங்கூட்டுப் பெட்டக் கோழியெல்லாம் ஓடிட்டு. இது மட்டும் பூனைக்கு முன்னால போயி நின்னுட்டு. அத நிக்கச் சொல்லி ஆரு அழுதா?"

அண்ணாச்சி கூண்டுக் கதவைச் சாத்தினார். அந்த அம்மாவே தொடர்ந்தார். "சாரு பாவம், கோழியத் தொடாத மனுசன். அவரே குழி தோண்டிப் பொதச்சாரு. வளத்தவருக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்னு சோறு திங்காமக் கெடந்தாரு. நீங்க ஆரு?"

"சும்மா, இந்தப் பக்கமா வந்தோம்," என்று கம்புப் பையை வேலிக்கு மேலாக நீட்டினார் அண்ணாச்சி. "இத ஒங்க கோழியளுக்குப் போடுங்கம்மா. நாங்க வந்தத சார்கிட்ட சொல்லாண்டாம்."

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் பயந்துகொண்டே ஓட்டினேன். ஒரு மாதமாக நம்பர் கொடுத்திருக்கிறார்! ரயில்வேயில் கொலைக்குச் சமமான குற்றம். இன்றைக்கு ஃபோனில் ஸ்டேஷன் மாஸ்டரின் ஏழு தலைமுறையும் நடுத்தெருவுக்கு வரப்போகிறது என்று நினைத்தேன். பொழுது அடைந்தது. அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். ஃபோனை எடுத்தார்.

"சார், கேட்டு பேசுதேன். கார்டு சார் அடைஞ்சாச்சா?"

அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது: "அடைச்சாச்சுவே."

"நம்பர் குடுங்க சார்."

"முப்பத்தி ஒண்ணு."

"முப்பத்தி ஒண்ணு. ரைட் சார்." அதோடு வைக்கவில்லை. பிறகு இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒன்று கூடக் கேட்டார்: "நீங்க சாப்ட்டீகளா சார்?"

ஃபோனை வைத்தபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அண்ணாச்சி, தெரிஞ்சும் ஏன் கேக்கீக?" என்றேன்.

"நம்பருல பொய் சொல்லுத ஆளு இல்ல தம்பி அவரு. சொல்லுதாருன்னா மனசு எம்புட்டு கஷ்டப்பட்டிருக்கும்? நான் இன்னைக்கு ஃபோன் பண்ணலன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அந்தப் பெரிய வீட்டுல ஒத்தையில உக்காந்துருவாருலா?"

இதெல்லாம் போன ஆடியில் நடந்தது. அடுத்த ஆடியும் வரப்போகிறது, நம்பர் இன்னும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. தெருப் பிள்ளைகள் இன்னும் கத்துகிறார்கள். ஆபீசில் நடித்துக் காட்டுவதை மட்டும் நான் நிறுத்திவிட்டேன். பொழுது அடைந்தும் அந்தக் குரல் வாசலில் கேட்கவில்லை என்றால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய், "என்ன அண்ணாச்சி, மேலுக்குச் சொகமில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.