மாப்பிள்ளைக்கு ஒரு கேஸ் இருக்கிறது

ஒரு மனிதனின் மானத்தை வாங்க ஊர் கூட வேண்டியதில்லை, அவனுடைய வயிறு ஒன்றே போதும். என் வயிறு அந்த வேலையை, என்னைப் பெண் வீட்டார் பார்க்க வந்த நாளில், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது செய்தது. (ஆளில்லாத நேரத்தில் செய்தால் அது என் வயிறே இல்லை!)

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். சந்தையில் மாடு வாங்குவதுபோலப் பல்லைப் பிடித்துப் பார்க்காத குறை.

சுனாமி வாகரைக் கரையைத் துடைத்துக்கொண்டு போனதற்குப் பிந்திய காலம் அது. நான் வீடு கட்டிக்கொடுக்கும் திட்டமொன்றில் வேலை செய்தேன். மாங்கேணியில் இருந்து காலையில் ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறினால், அந்தக் கிடங்கும் பள்ளமுமான ரோட்டில் குலுங்கிக் குலுங்கி இடுப்பு, நாரியெல்லாம் விட்டுப்போகும். மத்தியானச் சோறு பின்னேரம்தான் கிடைக்கும், சில நாள் அதுவும் இல்லை. நாரி நோவுக்கு ஒரு குளிசை போடுவேன். அது வயிற்றை எரிக்கும். எரிவுக்கு இன்னொரு குளிசை போடுவேன். இரண்டையும் எனக்கு எழுதித் தந்த வைத்திய நிபுணர் நானேதான்.

எரிவுக் குளிசையைச் சட்டைப் பையில் கச்சான் கடலை மாதிரி வைத்திருந்தேன். எரிந்தாலும் போட்டேன், எரியப்போகிறதென்று நினைத்தாலும் போட்டேன். கலியாண வீட்டுக்குப் போனால் முற்பணமாக இரண்டு. வேலை செய்யும் கந்தோரில் யாராவது ஏப்பம் விட்டால் அவருக்கும் ஒன்றை நீட்டுவேன். பெரிய டொக்டர்!

நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், வயிற்று ஊதல் எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் ஒரே பெயர் 'கேஸ்'. கோட்டில் நடக்கிற வழக்குக்கும் அதே 'கேஸ்'தான். இந்தச் சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

பெண், கரடியனாற்று வதனி. ஒரு பயிற்சி வகுப்பில் கண்டிருந்தேன். கண்ட நாளில் இருந்து சோறு இறங்கவில்லை. (பாதி காதல், பாதி கேஸ்.) கட்டினால் இவளைத்தான், இல்லாவிட்டால் பிரமச்சாரியாகவே இருந்து சாவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா எப்படியோ ஆள் பிடித்துக் கதையை அவர்கள் காதில் போட்டு, அவர்களும் மாப்பிள்ளை பார்க்க வரச் சம்மதித்தார்கள்.

வருகிற வழியில் வதனியின் தாய்மாமன் நான் குளிசை வாங்கும் பாமசியில் இறங்கி என்னைப்பற்றி விசாரித்திருக்கிறார். அங்கே நடந்த பேச்சு எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

"பொடியன் எப்பிடித் தம்பி?"

"தங்கமான பொடியன். குடி கிடி ஒண்டும் இல்ல. கேஸ் ஒண்டுதான் இரிக்கு."

"கேஸா?"

"ஓம். கன காலமா உள்ளுக்க இரிக்கு. ஒருத்தருக்கும் காட்டாம மறைச்சிக்கிட்டுத் திரியிறான். இப்பிடியே போனா ஒரு நாளைக்கிக் கொழும்புக்குத்தான் கொண்டு போவாங்க."

வடக்கில் சண்டை உச்சத்தில் நின்ற நேரம். எங்கள் பக்கத்தில் சந்திக்குச் சந்தி சோதனை. கேஸ் உள்ள ஒரு பொடியனைக் கொழும்புக்குக் கொண்டுபோவார்கள் என்றால், ஆசுப்பத்திரிக்கு என்று யார் நினைப்பார்கள், சிறைக்கு என்றுதானே?

வந்தார்கள். மாமா கதிரையில் இருக்கவே இல்லை. முன்கதவைப் பார்த்தார், பின்கதவைப் பார்த்தார், யன்னலால் எட்டி வேலியைப் பார்த்தார். வீட்டின் வேலைப்பாட்டை ரசிக்கிறார் என்று நினைத்து, கதவு என்ன மரம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். வதனியின் தாயார் அரியதரப் பலகாரத்தைக் கையில் எடுத்தவர் கடிக்காமலே வைத்திருந்தார்.

"தம்பி, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதீங்க. உங்களுக்கு ஒரு கேஸ் இரிக்காமே?" என்று அவர் கேட்டார்.

பாமசிக்காரன் வாயை விட்டிருக்கிறான் என்று விளங்கியது. உண்மை பேசுகிற மாப்பிள்ளை என்று பெயர் எடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது?

"ஓம் மாமி. மறைக்க என்ன இரிக்கு? சுனாமிக்குப் பிறகு வந்தது."

"ஆராலயும் வந்ததா?"

"இல்ல மாமி, நானாத் தேடிக்கிட்டது. எங்கட கந்தோரில கன பேருக்கு இரிக்கு."

மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். "கன பேருக்கா?"

"ஓம் மாமா. ஆனா என்னளவுக்கு ஒருத்தருக்கும் இல்ல." (இதில் பெருமை வேறு!)

"ராவில கரைச்சல் இரிக்கா?" என்று மாமி மெதுவாகக் கேட்டார்.

"ராவிலதான் கூட. படுக்க விடாது. வெளிய வந்தா ஒரே சத்தம், பக்கத்து வீட்டுக்கும் கேக்கும்."

மாமியின் முகம் வெளிறிவிட்டது. அரியதரத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பினார். "எங்கட மூத்தவன் ஒருத்தன் போதும் தம்பி. இன்னொரு கேஸ எங்கட வீடு தாங்காது."

அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் வயிறு சரியில்லைப் போலும் என்று நினைத்தேன். ஆனால் வதனி கைவிட்டுப் போகிறாள் என்பது மட்டும் விளங்கியது. நெஞ்சு பகீரென்றது. நெஞ்சு பகீரென்றால் என் வயிறு சும்மா இருக்குமா? குபுகுபுவென்று எரிந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது, அகப்பட்ட குளிசைகளை அள்ளி வாயில் போட்டேன்.

"ஐயோ, நஞ்சு! பொடியன் நஞ்சத் தின்னுறான்!" என்று மாமா கத்தினார். (பிடிபட்டால் நஞ்சுக் குப்பியைக் கடிக்கிற காலம் அது!)

கத்திய கையோடு பாய்ந்தும் விட்டார். வயல் வேலை செய்த உடம்பு. கதிரையோடு சேர்த்து என்னைச் சரித்து, ஒரு கையால் தொண்டையைப் பிடித்து, மற்றக் கையின் விரல்களை வாய்க்குள் விட்டுத் தோண்டினார். முழங்கால் என் வயிற்றில். "துப்புடா! துப்புடா மனெ!" (நஞ்சு தின்றாலும் மகன் மகன்தான்!) முறுக்கும் அரியதரமும் வீடெல்லாம் பறந்தன. முழங்கால் இன்னும் கொஞ்சம் அமர்ந்தது.

அப்போது வந்தது ஓர் ஏப்பம்! முற்றத்துக் கோழிகள் செட்டை அடித்துக்கொண்டு வேலிக்கு மேலால் பாய்ந்தன.

தேத்தண்ணியோடு குசினியில் இருந்து வந்த என் அம்மா, நடந்தது ஒன்றும் தெரியாமல், "அப்பாடா! இப்பதான் புள்ளட கேஸ் வெளிய வருது" என்றார்.

மாமா தன் உள்ளங்கையில் கிடந்த பாதி கரைந்த குளிசையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

"இதுவா கேஸ்?"

"ஓம் மாமா. வேற என்ன கேஸ்?"

மாமி அப்படியே நிலத்தில் குந்திச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவருடைய மூத்த மகனைப் படையினர் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோயிருந்தார்கள். என்ன குற்றம் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவர் முகாம் முகாமாக அலைந்துகொண்டிருந்தார். அதைக் கேட்டதும் எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"புள்ளயத் தாறம் மனெ" என்றார் மாமி. "ஆனா நாளைக்கே ஆசுப்பத்திரியில காட்டணும். மாமாவும் கூட வருவார்."

டொக்டர் ஓர் இளம் பெண். என் சட்டைப் பைக் களஞ்சியத்தை மேசையில் கொட்டச் சொன்னார்.

"இந்த எரிவுக் குளிசைய எவ்வளவு காலமாப் போடுறீங்க?"

"சுனாமியில இருந்து."

"யார் சொல்லி?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"நாரிக்கு வெறும் வயிற்றில போடுற குளிசைதான் உங்கட வயிற்றைப் புண்ணாக்குது. மற்றக் குளிசையால அதை மூடி வச்சிருக்கிறீங்க. உள்ளுக்குப் பெரிய நோய் வருத்தம் இருந்தாலும் இப்பிடி மூடினா தெரியாமப் போயிரும்." நாரி நோவுக் குளிசையை நிறுத்தச் சொன்னார். எரிவுக் குளிசை காலையில் ஒன்றே ஒன்று, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தி, அவர் சொன்ன காலம் வரைக்கும்தான். பிறகு வந்து காட்டவேண்டும், நானாக இழுத்துக்கொண்டு போகக்கூடாது. "ரத்தமாச் சத்தி, வாந்தி எடுத்தா, சாப்பாடு விழுங்க ஏலாட்டி, காரணமில்லாம மெலிஞ்சா உடனே வரணும். மலம் கறுப்பாப் போகுதா?"

நான் மாமாவைப் பார்த்தேன்.

"சொல்லு மனெ, என்னத்துக்கு வெக்கம்?" என்றார் அவர். வாசலில் நின்ற நோயாளர் எல்லாரும் என் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அன்று பின்னேரம் வதனி முதன்முதலாக எனக்குப் போன் எடுத்தாள். எத்தனை இரவு நான் கற்பனை பண்ணிய குரல்! "மாமா சொன்னார், கறுப்பாப் போகல்லயாம். சந்தோசம்" என்றாள்.

கலியாணம் முடிந்து, எங்கள் வழக்கப்படி நான் கரடியனாற்றுக்கு, மாமி வீட்டுக்கே போய்விட்டேன். நேரத்துக்குச் சோறு கிடைத்தது, வயிறு ஆறியது, டொக்டர் குளிசையை நிறுத்தினார். சண்டையும் முடிந்தது. அதற்குப் பிறகு மச்சானும், அந்த மூத்த மகன்தான், விடுதலையாகி வீட்டுக்கு வந்தார். வந்தவர் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு சும்மா இருப்பார். பார்க்க வந்த சொந்தக்காரருக்கும் என்ன கதைப்பதென்று தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கணவாய்க்கறியோடு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் ஒன்று விட்டேன். மாமா பழக்க தோசத்தில் "நஞ்சு!" என்று கத்தினார். வீடே சிரித்தது. மச்சான் நிமிர்ந்து, என்ன கதை என்று கேட்டார். மாமா விடுவாரா? என்னைக் கதிரையில் இருத்தி, தொண்டையைப் பிடித்து, முழங்காலை வைத்து, முழுக் கூத்தையும் ஆடிக் காட்டினார். மச்சான் சிரிக்கத் தொடங்கினார். புரைக்கேறும் வரைக்கும் சிரித்தார். மாமி குசினி வாசலில் நின்று, கையில் அகப்பையோடு, மகன் சிரிப்பதைப் பார்த்து விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன், அதற்கு வெட்கப்படவில்லை.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் ஓர் அடி போட்டார். அன்று அவர் சொன்னதைத்தான் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் எந்த விருந்திலும் யாராவது ஒருவர் சொல்லாமல் விடுவதில்லை:

"பாத்தியா மச்சான்! ஒரு கேசும் இல்லாம நான் உள்ளுக்க இரிந்தன். இவ்வளவு பெரிய கேஸ வச்சிக்கிட்டு நீ வெளிய திரிஞ்சிரிக்கிற!"