படத்துக்குக் கீழே ஓடிய எழுத்து

தன் வீட்டுத் தொலைக்காட்சியில் இனி எந்தப் பேயும் நடமாடக்கூடாது என்று தில்லைநாதன் தீர்மானித்தார். ஆனாலும் அவர் நியாயவான். விசாரிக்காமல் பேயைக்கூடத் தண்டிக்கமாட்டார். ஒரேயொரு பாகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக மனைவி பூமணியிடம் அறிவித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார்.

அது யப்பான்காரர் கீறிய அனிமே சித்திரத் தொடர். கம்பஸில் படிக்கும் மகள் லீவுக்கு வந்தபோது தாய்க்குப் பழக்கிவிட்டது. பேச்சு யப்பான் மொழி. கீழே ஆங்கில எழுத்து.

"உங்களுக்கு விளங்குமே?"

"ஓ.எல். சோதினையிலை இங்கிலீசுக்குச் சீ எடுத்தவனிட்டைக் கேக்கிற கேள்வியே?"

ஒருவரும் 'சீ' என்று சொல்லமுடியாத அந்தச் சீ, அடம்பன் ஊர் முழுக்கப் பிரசித்தம். ஆனால் அது ஆறுதலாக வாசிக்கிற சீ. இங்கே எழுத்துகள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடின. முதல் சொல்லை அவர் எழுத்துக்கூட்டி முடிக்குமுன் முழு வசனமும் போய்விட்டது.

படத்தில் மழை. வயல் நடுவே ஒரு வீடு. உள்ளே நீல முடியும் பனங்காய் அளவு கண்ணுமாக ஒரு பெண். வெளியே ஒற்றைக் கொம்பு உருவமொன்று நனைந்துகொண்டு நின்றது. வாசலில் காலை வைப்பதும் பின்னால் எடுப்பதுமாக இருந்தது.

"பாவம்," என்றாள் பூமணி. "அது அந்த வீட்டுக்காரன்ரை அத்தானாம். உயிரோடை இருக்கேக்கை மச்சானோடை கதைக்கேல்லையாம். செத்தாப்பிறகு வந்து நிக்குது. அப்பிடித்தானே போட்டிருக்கு?"

தில்லைநாதன் செருமினார். "ஓம். அப்பிடித்தான்."

"மாடு வயலுக்கை இறங்கினதாலை வந்த கோவமாம், என்ன?"

யப்பானிலும் மாடு வயலில் இறங்குமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் வாசித்த மனிதன் சந்தேகப்படலாமா? "ஓம்," என்றார், மெதுவாக.

பூமணியின் தம்பி பிரணவனின் மாடுகள் அவருடைய வயல் நெல்லை மேய்ந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பிரணவனின் புதுவீட்டுக்குக் குடிபூரல். சொல்ல வந்தவனை இவர் உள்ளே கூப்பிடவில்லை. ஒரே அக்கா தனியப் போய் நின்றால் ஊர் என்ன கேட்கும் என்று பூமணி ஒருதரம் சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

அவன் சொல்ல வந்த அன்று அவர் யன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிரணவனும் இப்படித்தான், வாசலில் காலை வைத்து, பின்னால் எடுத்து, தூறலில் நின்றான்.

படம் முடிந்தது.

"தீர்ப்பு?" என்றாள் பூமணி.

"பேய் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்குப் போகோணும்?"

குடிபூரலில் பிரணவன் அவருடைய கையைப் பிடித்தவன் விடவேயில்லை. சாப்பாட்டில் பேச்சு அந்தத் தொடரில் வந்து நின்றது. அவனும் பார்க்கிறானாம்.

"அத்தான் வாசல்லை நிண்டது நெஞ்சைத் தொட்டிட்டுது," என்றார் தில்லைநாதன்.

"எந்த அத்தான், அத்தான்? அது மழைத் தெய்வமெல்லே. அதின்ரை மற்றக் கொம்பை அந்தப் பெட்டை களவெடுத்திட்டாள். அதைக் கேட்டெல்லோ வந்து நிக்குது."

தில்லைநாதன் பாயாசத்தைக் கீழே வைத்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் பொறுத்து, வீட்டு வாசலில் கேட்டார்.

"பூமணி, யப்பானுக்கு மாடு எங்கையிருந்து வந்தது?"

"எனக்கென்ன தெரியும்? இங்கிலீசு தெரியாமல் படத்தைப் பாத்துக் குத்துமதிப்பாய்ச் சொன்னன். பிழையெண்டால் வாசிக்கிற நீங்கள் திருத்துவியள் எண்டுதான் இருந்தனான்."