புள்ளிக் காக்காவும் விலகாத புள்ளியும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கம்பியூட்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வரிசை போடத் தெரிந்த மனிதர் ஒரேயொருவர்தான். அவர் புள்ளிக் காக்கா. இது என் கண்டுபிடிப்பு அல்ல. கடைக்குள் நான் கால் வைத்த முதல் நிமிடத்திலேயே அவராகச் சொன்னது.

கடை என்றால், கல்முனை பசாரிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒரு ஒடுக்கமான வீதியில் ஒற்றை அறை. ஒரு கம்பியூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் இருக்க இரண்டு கதிரைகள். பின்னால் ஒரு திரைச்சீலை, அதற்குப் பின்னால் அவருடைய சமையலும் படுக்கையும். எந்த வரியைக் கண்டாலும் அதன் தலையில் ஒரு கறுப்புப் புள்ளியைக் குத்திவிடுவார். அதனால் அந்தப் பெயர்; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். சொந்தப் பெயர் என்னவென்று வீதியில் யாருக்கும் தெரியாது.

நான் அப்போது கொழும்பில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். நானே அடித்த சுயவிபரக் கோவையைப் பிரிண்ட் எடுக்கப் போனேன். காக்கா திரையில் என் முதல் இலக்கத்தின் மேல் மவுஸை வைத்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. தானாக விழுந்த இலக்கமாக இருந்தால் முழு வரிசையும் சாம்பல் நிறமாக மாறுமாம்.

"இத ஆரு கையால அடிச்ச?"

"நான்தான் காக்கா."

"கையால அடிச்சா அது இலக்கமில்ல தம்பி, வெறும் எழுத்து. நடுவில ஒண்ட அழிச்சிப் பாருங்க. மத்ததுகளுக்கு ஒண்டும் தெரியாது. ஆறுக்குப் பின்னால எட்டு நிக்கும், வெக்கமில்லாம."

அன்றைக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். டப் விசையை அழுத்தினால் வரி ஒரு படி உள்ளே போகும், ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு என்டரை அழுத்தினால் இலக்கம் போடாமல் அடுத்த வரி வரும் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அவர் ஊற்றித் தந்த, பால் கலக்காத இஞ்சிப் பிளேன்டீ மூன்று.

எனக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும் அதுதான். ஒருநாள் சாய்ந்தமருதிலிருந்து ஒரு மீனவர் வந்தார். தோணியின் எஞ்சினைக் காணவில்லை, பொலிசுக்கு ஒரு முறைப்பாடு எழுத வேண்டும். ஒரு வரியில் முடிகிற காரியம்.

"எஞ்சின் காணாமப் போன. அது ஒண்டு. எங்க வெச்சிருந்த? அது ஒண்டுக்கு உள்ள 'அ'. என்ன நிறம்? அது 'ஆ'."

"காக்கா, மீன் பெட்டி வெயில்ல இரிக்கி."

"அதையும் போடுவமா? ரெண்டாவதா?"

மருதமுனை மாப்பிள்ளை ஒருவரின் கல்யாண அழைப்பிதழில் புள்ளிக்குப் பதிலாகச் சரி அடையாளங்களைப் போட்டுவிட்டார். பெண்ணின் வாப்பா பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "மருமகனுக்கு முன்னால சரி போட்டிரிக்கி. இவர ஆரு திருத்தின?"

விளையாட்டுக் கழகம் ஒன்றின் யாப்பை, அதாவது சட்டதிட்டங்களை, அடித்த கதைதான் பெரிய கதை. பத்தாம் பிரிவு, கூட்டத்துக்கு வராத உறுப்பினரைப் பற்றியது. பதினோராம் பிரிவு தலைவரைப் பற்றியது. கடைசியில் ஒரு வரி: பத்தாம் பிரிவில் குறிப்பிடப்பட்டவர் உடனடியாக நீக்கப்படுவார். பிரிண்ட் எடுக்கும் நேரம், தேநீர் பற்றிய நாலாம் பிரிவு வேண்டாம் என்றார்கள். காக்கா அழித்தார். அதற்குக் கீழே இருந்த இலக்கங்கள் எல்லாம் தாமாகவே ஒவ்வொன்று குறைந்தன. தலைவர் பத்தாம் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். பொதுக்கூட்டத்தில் செயலாளர் அதை உரத்து வாசிக்க, தலைவரைப் பிடிக்காதவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

மறுநாள் நான் போனபோது காக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி வரியில இருந்த பத்த மட்டும் கையால அடிச்சிட்டன் தம்பி. அதுதான் மாறல்ல."

"நீங்களா?"

"மகள் கோல் எடுத்திருந்தாள், கட்டார்ல இருந்து. இந்த வருசமும் வரல்லியாம். கதைச்சிக் கதைச்சி அடிச்ச." மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, "உம்மா மௌத்தானதுக்குப் பொறகு அவளுக்கு இங்க வர மனமில்ல" என்றார். அவருடைய மனைவி இறந்துபோனது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் என் விசயம். அக்கரைப்பற்றில் ஒரு நிறுவனத்தில் எனக்குப் பொருத்தமான வேலை ஒன்று வந்தது. விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை மூன்று மணிக்குள் கையில் கொடுக்க வேண்டும். வியாழனே காக்காவிடம் ஒப்படைத்தேன். வெள்ளி போனால், "ரெண்டாம் பக்கத்தில ஒரு புள்ளி விலகியிரிக்கி, நாளைக்கு வாங்க." சனி போனால் இன்னொரு புள்ளி. ஞாயிறும் அப்படியே. திங்கள் இரண்டேகாலுக்குக் கையில் தந்தார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கதவைப் பூட்டியிருந்தார்கள்.

திரும்பி நேரே கடைக்குத்தான் வந்தேன்.

"ஒரு புள்ளிக்காக நாலு நாளா காக்கா? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"இல்ல தம்பி" என்றார்.

கோபத்தில் எனக்கு அது பதிலாகவே படவில்லை. அதோடு அந்த வீதிக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பத்து நிமிடத்தில் எதையும் அடித்துத் தரும் கடை ஒன்று இருந்தது. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், பிளேன்டீயும் இல்லை. நாலைந்து மாதம் அப்படியே போனது. சின்னதாக ஒரு வேலையும் கிடைத்தது.

ஒருநாள் காலை பத்து மணியளவில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நேர்ஸ் அழைத்தார்.

"டைப் செட்டிங் கடைக் காக்காட தம்பியா கதைக்கிற? அட்மிட் பண்ணின பேப்பர்ல உங்கட நம்பர்தான் போட்டிரிக்கி."

அவருக்குத் தம்பி கிடையாது. கூடப் பிறந்தவர் யாருமே கிடையாது.

"ஓம்" என்றேன்.

நெஞ்சு நோவென்று தனியாக ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். டொக்டர் என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, "ஒண்டு, நெஞ்சு. ரெண்டு, மூச்சு. ரெண்டுக்கு உள்ள 'அ', படி ஏறினா" என்று சொல்லியிருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். பயப்பட ஒன்றுமில்லையாம், சில நாள் வைத்துப் பார்க்க வேண்டுமாம். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில்தான் அவருடைய பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். நீளமான, அழகான பெயர். அந்த மெலிந்த உடம்புக்குக் கொஞ்சம் பெரிய பெயர்.

என்னைக் கண்டதும் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"வேற நம்பர் ஒண்டும் ஞாபகம் வரல்ல தம்பி. கோவிக்காதீங்க."

"மகளுக்குச் சொல்லவா?"

"வேணாம். வேலையில இரிப்பாள். பயந்துடுவாள்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கதைத்தார்.

"அந்த அப்ளிகேஷன் வியாழக்கிழமையே முடிஞ்சி. ஒரு புள்ளியும் விலகல்ல. குடுத்தா நீங்க அடுத்த நாள் வரமாட்டீங்களே. அதுக்குத்தான் வெச்சிருந்த. உங்கட வேலைய நான்தான் கெடுத்த."

கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. அன்றைக்கு அவர் சொன்ன அந்த 'இல்ல'தான் காதில் கேட்டது. கொண்டுபோயிருந்த பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது சுகமாக இருக்கிறார், கடையும் திறந்திருக்கிறது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஆஸ்பத்திரியில் அந்த முதல் நாள் பின்னேரம்தான். பார்க்க வந்தவர்கள் போக வேண்டிய நேரம் வந்ததும், வார்ட்டில் வேலை செய்பவர் ஒவ்வொரு கட்டிலாக வந்து, "சொந்தக்காரர் ஒராள் மட்டும் நில்லுங்க, மத்தவங்க போங்க" என்று சொல்லிக்கொண்டு போனார். காக்கா கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலப் படுத்திருந்தார்.

நான் கதிரையைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.