நாலாயிரம் டைகர்கள்

"டைகர்" என்று தட்டியதும் திரையில் பதினான்கு டைகர்கள் வந்து நின்றன. பதினொன்று நாய், இரண்டு பூனை, ஒன்று முயல்.

ரிசப்ஷனிஸ்ட் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஒரு பெரியவர், மடியில் ஒரு டைகருடன் உட்கார்ந்திருந்தார். பின்னால் இன்னும் ஆறு பேர், இரண்டு கூண்டு, ஓயாமல் குரைக்கும் ஒரு குட்டி.

வீட்டுப் பிராணிகளுக்கான அந்தக் கிளினிக்கில், பிராணிக்கு ஒன்றாக நாலாயிரத்துச் சொச்சம் சிகிச்சைக் கார்டுகள். போன மாதம் ஒரு கார்டு கிடைக்க இருபது நிமிடம் ஆனபோது, டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "கொஞ்ச நாள்தாம்மா. அப்புறம் கார்டு தேடுற வேலையே இருக்காது." கார்டு தேடும் வேலை என்றால் அவள் வேலைதான். அன்று மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கம்ப்யூட்டர்தான் தேடப்போகிறது என்றால், அந்தக் கம்ப்யூட்டரைத் தேட வைப்பவளாகத் தானே ஆகிவிடலாம் என்று முடிவுசெய்தாள். இணையத்தில் கம்ப்யூட்டர் பழகும் கற்றுக்குட்டிகளுக்கான ஒரு குழுவில் சேர்ந்தாள். அங்கே 'பொறுமைசாலி' என்ற பெயரில் ஒருவர் எல்லாருக்கும் பதில் சொல்லுவார். ஒரே ஒரு பட்டியல், மேலே ஒரு தேடல் பெட்டி, முதலில் இது போதும், அலங்காரமெல்லாம் அப்புறம் என்றார். ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுங்கள் என்றும் சொன்னார். பெயர்தான் இருக்கிறதே, எண் எதற்கு என்று அவள் விட்டுவிட்டாள். தினமும் ஒரு நகல் எடுத்து வையுங்கள் என்று நச்சரித்தார். அதை மட்டும், அவர் வாயை அடைப்பதற்காகச் செய்தாள்.

நேற்று கடைசிக் கார்டையும் பட்டியலில் ஏற்றி முடித்த கையோடு, அத்தனை கார்டுகளையும் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் தள்ளியும் விட்டாள். அந்த அவசரம்தான் இன்று கழுத்தைப் பிடித்தது.

பெரியவரிடம் போன் நம்பர் கேட்டாள். தட்டினாள். ஒன்றும் வரவில்லை. ஏற்றும்போது பாதி நம்பர்களை இடைவெளி விட்டும் பாதியைச் சேர்த்தும் போட்டது அப்போதுதான் உறைத்தது. சரி, கடைசி இரண்டு இலக்கம் பொருந்தினாலே காட்டட்டும் என்று தளர்த்தினாள். நாற்பத்தொரு பேர் வந்தார்கள்.

நாற்பத்தொரு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்ததில் பெரியவரின் டைகர் அகப்பட்டது. ஆனால் பெயர் 'டகைர்' என்று விழுந்திருந்தது. திருத்திவிடலாம் என்று ஒரு வரி கட்டளை எழுதினாள். பெயரை 'டைகர்' என்று மாற்று. எந்தப் பதிவில் மாற்றுவது என்பதை மட்டும் எழுதவில்லை.

கம்ப்யூட்டர் மறுபேச்சுப் பேசவில்லை. கிளி டைகரானது. ஆமை டைகரானது. முந்தாநாள் பிரசவித்த வெள்ளைப் பூனையும் அதன் ஐந்து குட்டிகளும் டைகரானார்கள். நாலாயிரத்துச் சொச்சம் உயிரில் ஒன்றுக்குக்கூட வேறு பெயர் இல்லை.

மேசைக்கு அடியில் போனை வைத்துக் குழுவில் எழுதினாள்: 'என் பட்டியல்ல எல்லாப் பேரும் ஒரே பேராயிடுச்சு. எதிர்ல ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. என் வேலையே போயிடும்.'

அரை நிமிடத்தில் பொறுமைசாலி வந்தார். 'கையை எடுங்க. எதையும் அழுத்தாதீங்க. நேத்து எடுத்த நகல் இருக்கா?'

இருந்தது. அவர் ஒவ்வொரு படியாகச் சொன்னார், இவள் ஒவ்வொரு படியாகச் செய்தாள். நடுவில் இரண்டு முறை தப்பு செய்தாள். திட்டாமல் மறுபடி சொன்னார். கிளி கிளியாயிற்று. ஆமைக்குத் தன் பெயர் திரும்பியது. அப்புறம் எல்லாப் பதிவுக்கும் எண் போட வைத்தார், போன் நம்பர்களின் இடைவெளியை நீக்க வைத்தார், எண்ணைச் சொல்லி அந்த ஒரு 'டகைரை' மட்டும் திருத்த வைத்தார். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. நல்லவேளை, உள்ளேயிருந்து டாக்டரின் மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

பெரியவரின் நம்பரைத் தட்டினாள். ஒரே ஒரு டைகர் வந்தது. எண் 1312. அவளுக்குக் கண் கலங்கியது. போனில் 'சரியாயிடுச்சு' என்று எழுதி அனுப்பினாள். உடனே உள்ளே மணி அடித்தது.

லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு பெரியவரை உள்ளே அழைத்துப் போய், கார்டுகளைப் பரணில் போட்டுவிட்டதை ஒப்புக்கொண்டு திரையைத் திருப்பிக் காட்டினாள். டாக்டர் தானே இரண்டு பெயர்களைத் தட்டிப் பார்த்தார். தட்டியது வந்தது.

"நீங்களே பண்ணினதா?" என்றார். "அப்போ இந்த வேலையை வெளியில யார்கிட்டயும் கொடுக்க வேண்டாம். இதை இனிமே நீங்களே பார்த்துக்குங்க. கார்டு தேடிப் பரண் பக்கம் போகாதீங்க."

வெளியே வந்தபோது நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, ஒரு மாதமாகக் காணாமல்போன பசி எடுத்தது. மருந்து அலமாரி பக்கம் நின்றிருந்த வயதான கம்பவுண்டரிடம், இவ்வளவு நேரம் டாக்டர் ஏன் ஒருத்தரையும் கூப்பிடவில்லை, உள்ளே பெரிய ஆபரேஷனா என்று விசாரித்தாள்.

"ஆபரேஷனும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா," என்றார் அவர். "யாரோ ஒருத்தர் பட்டியல்ல எல்லாப் பேரும் ஒண்ணாயிடுச்சாம், பாவம் வேலை போயிடுமாம், அது சரியாகுற வரைக்கும் ஒரு நாயையும் உள்ள விடாதேன்னு போனும் கையுமா உட்கார்ந்துட்டாரு."