ஓதி ஊதிய அரைக் கோப்பைத் தண்ணீர் குறித்து

அட்-பாஷி,
ஜூலை 19.

விளையாட்டு அமைச்சில் ஊக்கமருந்துக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் மேன்மைமிகு தலைவர் அவர்களுக்கு, மல்யுத்த வீரன் குபாத்தின் தாய் சாய்ராகுல் ஸலாம் கூறி எழுதுவது. நாங்கள் நலம், தாங்களும் தங்கள் வீட்டாரும் குதிரைகளும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக.

சங்கதி இதுதான். திறனைக் கூட்டுவதற்காகக் கடந்த ஏழு நாட்களில் வீரர் உட்கொண்ட அனைத்தையும் எழுதுமாறு தங்கள் படிவத்தில் இருந்தது. என் மகன் கையெழுத்துப் போடுவதோடு சரி, எழுதுவது நான்தான் என்பதால், ஆட்டு வால் கொழுப்பு இருபத்தொரு துண்டு, புளித்த குதிரைப்பால் பதினாறு கிண்ணம், குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதி ஊதிய தண்ணீர் தினம் அரைக் கோப்பை என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பினேன். கொழுப்பையும் பாலையும் விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டீர்கள். சிறுநீர் சுத்தம் என்று ஆய்வுக்கூடமே சொல்லியும், 'இனம் தெரியாத பொருள்' என்று செவ்வாய்க்கிழமை அவனைத் தடைசெய்து பயிற்சி முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பி, பின்னாலேயே மிர்லான் என்ற அதிகாரியையும் அனுப்பினீர்கள். தங்கமான பிள்ளைதான், ஆனால் வந்ததும் வராததுமாக ஒரு தாளை நீட்டினார்.

"அக்கா, இந்தத் தண்ணியால ஒரு பலனும் இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. முடிஞ்சுது."

"பலன் இல்லன்னு எப்படிப்பா எழுதுவேன்? நாளைக்கு மறுமையில இதே தாளைக் கணக்கெழுதற மலக்குங்க, வானவருங்க, என் முன்னால நீட்டுவாங்களே."

"அப்போ பலன் இருக்குன்னு எழுதுங்க."

"எழுதினா?"

"ரெண்டு வருஷம் தடை."

உள்ளேயிருந்து குபாத் குரல் கொடுத்தான்: "அம்மா, இல்லன்னே எழுதித் தொலையேன். அல்லாஹ் மன்னிப்பான், பயிற்சியாளர் மன்னிக்க மாட்டார்."

என் வீட்டுக்காரர் சாட்சி சொல்ல முன்வந்தார். "தம்பி, முப்பது வருஷமா எனக்கும்தான் ஓதறா. எனக்கு ஏதாவது தெறம கூடியிருக்கா, பாத்துச் சொல்லுங்க."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதை மட்டும் குறித்துக்கொண்டு போனார்.

ஆகவே தாங்களே பெரிய மனதுடன் ஒரு முடிவெடுத்து, சனிக்கிழமைப் போட்டிக்குள் தடையை நீக்க வேண்டும். அன்று இறங்காவிட்டால் தேசிய அணியில் அவனுடைய இடம் போய்விடும். தங்கள் மந்தை பெருகட்டும். தங்கள் வீட்டு ரொட்டி ஒருநாளும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சாய்ராகுல்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒன்று. நான் என்ன கேட்டு ஓதினேன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மழைக்கு முன் புல் அறுத்து முடியும்வரை இந்தப் பையன் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் ஓதினேன். இருக்கிறான், முக்கால்வாசிப் புல்வெளி அறுத்தாயிற்று. எனவே பலன் உண்டு, மல்யுத்தத்துக்கு அல்ல என்று எழுதிக்கொள்ளுங்கள். தடையைத் திங்கட்கிழமை நீக்கினால் போதும், அதற்குள் மீதிப் புல்லும் முடிந்துவிடும். இது குபாத்துக்குத் தெரிய வேண்டாம்.