தொட்டிக்குக் கீழே ஒரு கடுதாசி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். துரையுடைய வண்டியின் தண்ணீர்த் தொட்டியை இன்றைக்கு நான் மாட்டுகிற மாட்டில், வண்டி இரண்டாகப் பிளந்தாலும் தொட்டி கீழே விழக்கூடாது.

என் முடிவுகளைப் பற்றி என் மனைவி சண்முகவடிவுக்கு ஒரு தனி அபிப்பிராயம் உண்டு. அதை அவள் வாயால் சொல்லமாட்டாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு லேசாக மூச்சு விடுவாள். அவ்வளவுதான். எனக்கு அன்றைய சாப்பாடு செரிக்காது.

என் பேர் சின்னத்தம்பி. வட்டவளைக்கு மேலே உள்ள தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், ஃபிட்டர். கைவேலைக்காரனை இங்கே 'பாஸ்' என்பார்கள்; அப்படிச் சொன்னால்தான் என்னை ஆட்களுக்குத் தெரியும். ஸ்டோரில் எந்த மிசின் முனகினாலும் என் காதுக்குக் கேட்டுவிடும். வீட்டில் வடிவு கூப்பிட்டால் மட்டும் கேட்காது. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இந்தக் காதுக்கோளாறு.

தோட்டத்து மேலாளரான எங்கள் துரைக்கு மீன் பிடிக்கிற பைத்தியம். பட்டாளம் கழித்துப் போட்ட ஒரு லாரியின் முதுகில் பலகையால் சின்ன வீடு கட்டி வைத்திருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, முகம் கழுவ ஒரு பேசின், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. அவர் அதை கேரவன் என்பார். எங்கள் ஆட்கள் வண்டிவீடு என்பார்கள். வீட்டுக்கு வேண்டிய தண்ணீர், வண்டிக்கு அடியில் இருபத்தைந்து கேலன் தகரத் தொட்டியில் தொங்கியது. இரண்டே இரண்டு மெல்லிய தகரப் பட்டிதான் அதற்குப் பிடிப்பு. முதல் பயணத்திலேயே கினிகத்தேனை வளைவில் ஒரு பட்டி அறுந்து, தொட்டி ரோட்டில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

"பாஸ், மூணு வாரம் கழிச்சு வர்ற திங்கட்கிழமை நான் திருகோணமலைக்குப் போறேன். அதுக்குள்ள செஞ்சிடு" என்று சொல்லிவிட்டுத் துரை கொழும்புக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் வேலை. நான் அதை மூன்று வாரமாக இழுத்திருந்தேன். காரணம் தொட்டி அல்ல.

தை மாதத்தில் எங்கள் ஒரே மகள் நாகலெட்சுமியைக் கொத்மலையில் கட்டிக் கொடுத்தோம். எங்கள் வீட்டுப் பேச்சு முழுவதும் அவள் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. "அம்மா, அப்பாவுக்குத் தேத்தண்ணி வேணுமாம்." "அப்பா, வெறகு முடிஞ்சிருச்சாம்." அவள் போனதும் தந்திக்கம்பி அறுந்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு காம்பரா, அதாவது இரண்டே அறை, உள்ள வீட்டில் நானும் வடிவும், நடுவில் ஒரு லாந்தரும். லாந்தர்தான் கொஞ்சம் சத்தம் போடும்.

அதனால் ஸ்டோர் வேலை முடிந்ததும் வண்டிவீட்டுக்குப் போய்விடுவேன். துரை பங்களாவுக்குப் பின்னால், எங்கள் வீடுகள் இருக்கிற லயத்துக்கு ஒரு மைல் தள்ளி ஒரு கொட்டகையில் அது நின்றது. துரையின் கட்டிலில் உட்கார்ந்து திரையை விலக்கிப் பனிமூட்டத்தைப் பார்ப்பேன். பனிமூட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே தொட்டிக்குப் பிடிப்பு இல்லை. மேலே எனக்குப் பிடிப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தேயிலைப் பெட்டிக்கு அடிக்கிற இரும்புப் பட்டியை இரட்டையாக மடித்து, ஆணி அறைந்து, தொட்டியின் வயிற்றைச் சுற்றிக் கட்டி வண்டியடியில் தொங்கவிட்டேன். தண்ணீரை வடிக்கப் புதிதாக ஒரு பித்தளைத் திருகும் வைத்தேன். பாதுகாப்புக்கு இரண்டு பக்கமும் கட்டைகள் அடுக்கினேன். பிறகு பங்களாக் குழாயிலிருந்து தொட்டி நிறையத் தண்ணீர் விட்டேன். அசையவில்லை. என் கைவேலையை நானே ரசிக்கலாம் என்று மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன்.

டப் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு டப்.

இரண்டு பட்டியும் அறுந்து தொட்டி கட்டைகளின் மேல் உட்கார்ந்தது. கட்டை இல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல நான் இல்லை. ஆனால் தரைக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த இடம் என் தொப்பையைவிட ஒரு விரல்கடை குறைவு. என் தொப்பையும் துரையின் தொட்டியும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. வலி இல்லை. மூச்சு வந்தது. ஆனால் உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. பித்தளைத் திருகு சக்கரத்துப் பக்கம் கைக்கு இரண்டு சாண் தள்ளி இருந்தது.

அப்போது மணி பதினொன்று இருக்கும். கூப்பிட்டேன். தோட்டமே நோர்வூட் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தது. பங்களா நாய் மட்டும் வந்தது. என் முகத்தை மோந்து பார்த்தது. பக்கத்தில் படுத்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கும் அலுத்துவிட்டது போல, எழுந்து போய்விட்டது. மழை பிடித்துக்கொண்டது. கீழே வட்டவளை ஸ்டேஷனில் ரயில் வந்து நின்று கூவிவிட்டுப் போனது. ஒரு மனுஷன் தனியாக இருக்கவேண்டும் என்று மூன்று வாரமாக ஆசைப்பட்டிருக்கிறான். இப்போது இருக்கிறான். நான் அழவில்லை. ஆனால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று யோசிக்காமலே கூப்பிட்டதில், எல்லாமே "வடிவு, வடிவு" என்றே வந்தது.

மூன்று மணி வாக்கில் காலடிச் சத்தம் கேட்டது. தலையில் சாக்கு, கையில் தூக்குச்சட்டி. வடிவு.

"ஏங்க, தூங்குறீங்களா?"

"இல்ல. மாட்டிக்கிட்டேன்."

சட்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். கையை உள்ளே விட்டு என் விலா, கை, கழுத்து எல்லாம் தடவினாள்.

"எங்கயாவது அடிபட்டிருக்கா?"

"இல்ல."

"கால அசைங்க பாப்போம்."

அசைத்தேன்.

"மூச்சு நல்லா வருதா?"

"வருது."

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு சாக்கை மடித்துப் போட்டு என் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

"வடிவு, அந்தச் சக்கரத்துக்கிட்ட ஒரு பித்தளைத் திருகு இருக்கு. அதத் திருகுனா தண்ணி வடிஞ்சிரும்."

"மிசின் வேலை ஒங்க வேலை ஆச்சேங்க. போன மாசம் லாந்தர் திருகத் தொட்டதுக்கே, ஒனக்கு ஒண்ணும் தெரியாது, கைய எடுன்னு சொன்னீங்க."

"இது லாந்தர் இல்ல."

"அதவிடப் பெருசா இருக்கே. தப்பாத் திருகிட்டேன்னா?"

"சரி, யாரையாவது கூட்டிக்கிட்டு வா."

"யாரு இருக்கா? எல்லாரும் திருவிழாவுக்குப் போயிட்டாங்க. நாமளும் போவமான்னு நான்கூட வெள்ளிக்கெழம கேட்டேன். 'ம்'னீங்க. அது போவோமுன்னு 'ம்'மா, வேணாமுன்னு 'ம்'மா, எனக்குப் புரியல."

எனக்கே புரியவில்லை. அவள் தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றை உருட்டி என் வாயில் வைத்தாள். கருவாட்டுக் குழம்பு. படுத்துக்கொண்டு விழுங்குவது கஷ்டம்தான். ஆனாலும் நாலு உருண்டை போயிற்று.

"நாகலெட்சுமிகிட்டயிருந்து கடுதாசி வந்து மூணு நாளாச்சு" என்றாள்.

"சொல்லவே இல்லையே?"

"வியாழக்கெழம சொன்னேன். நாளைக்குன்னீங்க. வெள்ளிக்கெழம சொன்னேன். நாளைக்குன்னீங்க. நேத்து நீங்க வாறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்திருச்சு."

"ஒனக்குத்தான் எழுத்து தெரியாதே, ஸ்கூல் சுகிர்தம் டீச்சர்கிட்ட குடுத்தா படிச்சுச் சொல்லியிருக்குமே?"

"நம்ம வீட்டு விஷயத்த எதுக்குங்க ஊராருக்கு?" என்று சொல்லிவிட்டு மடியிலிருந்து கடுதாசியை எடுத்தாள். "இப்ப ஒங்களுக்கு வேல ஒண்ணும் இல்லையே?"

இன்னொரு கை தொட்டியடியில் சிக்கிக்கொண்டதால் ஒரு கைதான் எனக்கு வேலை செய்தது. அதில் கடுதாசியைப் பிடித்துப் படித்தேன். எழுத்து குண்டு குண்டாக, வரி சாயாமல் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளையின் எழுத்து எவ்வளவு திருந்திவிட்டது என்று படுத்தபடியே பெருமைப்பட்டேன்.

"அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும் மகள் நாகலெட்சுமி எழுதிக்கொள்வது. நான் நலம். எனக்கு இது நாலாம் மாதம்."

நிறுத்தினேன். அந்த வரியையே மறுபடி ஒரு தடவை பார்த்தேன்.

"படிங்க" என்றாள் வடிவு. அவள் என்னைப் பார்க்கவில்லை. தேயிலை மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் மாதம் அங்கே வருவேன். பின் காம்பராவில் அப்பா போட்டு வைத்திருக்கும் பழைய இரும்பையெல்லாம் எடுத்துவிடவும். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மா லயத்துப் பொதுப் பீலிக்கும் வீட்டுக்கும் நடந்து தண்ணீர் சுமக்க முடியாது. அப்பா நினைத்தால் சமைக்கிற குசினிக்குள்ளேயே ஒரு குழாய் இழுத்துவிடலாம். அப்பா ஒரு தடவை கொத்மலைக்கு வந்து என்னைப் பார்க்கவும். இன்னொன்று. அப்பா, தினமும் கொஞ்ச நேரம் அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். நான் இங்கே வந்த பிறகு அம்மாவுக்குப் பேச ஆளில்லை. கோழியோடு பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்."

மழை கொட்டகைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. மல்லாந்து படுத்தவன் கண்ணில் தண்ணீர் வந்தால் அது நேரே காதுக்குள் போகும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கோழிகூடவா பேசுற?" என்று கேட்டேன்.

"அது கேக்குதுங்க" என்றாள்.

கடுதாசியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"செஞ்சிர்றேன், வடிவு."

"எத?"

"எல்லாத்தையும்."

"பேசுறதையுமா?"

"அதையுந்தான்."

"எப்ப?"

"மொதல்ல என்னைய வெளிய எடு."

வடிவு எழுந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு சக்கரத்துப் பக்கம் போனாள். சரியான பக்கமாக ஒரே திருகு. இருபத்தைந்து கேலன் தண்ணீரும் என் இடுப்பைக் குளிரக் குளிர நனைத்துக்கொண்டு ஓடியது. வடிந்ததும் மூலையில் கிடந்த கடப்பாரை அலவாங்கை எடுத்து வந்து தொட்டியின் விளிம்பில் கொடுத்து ஓர் அமுக்கு அமுக்கினாள். நான் வெளியே வந்தேன்.

"திருகத் தெரியாதுன்னியே?"

"ஒனக்குத் தெரியாதுன்னு நீங்க சொன்னீங்க. எனக்குத் தெரியாதுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

ஈரத்துணியோடு நின்று தொட்டியைப் பார்த்தேன். நாளைக் காலையில் துரை வந்துவிடுவார். வடிவும் குனிந்து பார்த்தாள்.

"இத எதுக்குங்க வயித்தக் கட்டித் தொங்கவிடுறீங்க? தண்ணி கனக்குமில்ல. அடியில கை குடுத்துத் தாங்க வேணாமா?"

இருபது வருஷமாக மிசினோடு மாரடிக்கிற எனக்கு அது தோன்றவில்லை. இருபது வருஷமாகப் பீலித் தண்ணீரை இடுப்பில் சுமக்கிறவளுக்குத் தோன்றியது. ஸ்டோரில் கிடந்த கோண இரும்பில் தொட்டிலைப் போல ஒரு சட்டம் செய்து வண்டியின் அடிச்சட்டத்தோடு முறுக்கினேன். தொட்டி உட்காருகிற இடத்தில் பலகை வைத்து, பழைய டயரை வெட்டி மெத்தை போட்டோம். அவள் பிடித்துக்கொண்டாள், நான் நட்டு முறுக்கினேன். வேலை நடக்கும்போதே வாக்கைக் காப்பாற்ற ஆரம்பித்தேன்.

"இன்னிக்கு நல்ல மழை" என்றேன்.

"ஆமாங்க."

அதற்குமேல் எனக்கு வரவில்லை. "நல்ல குளிரும்கூட" என்றேன்.

"மெதுவாப் பேசுங்க. ஒரே நாள்ல முடிக்க வேணாம்" என்றாள்.

திங்கட்கிழமை துரை திருகோணமலைக்குப் போனார். இரண்டு வாரம் கழித்துத் தொட்டி இம்மியும் அசையாமல் திரும்பி வந்தது. அதற்குள் நான் ஸ்டோர் அதிகாரியான டீமேக்கரிடம் சொல்லிவிட்டு ஸ்டோர் குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்துக் குசினிக்குக் கொண்டுவந்தேன். பின் காம்பராவைக் காலி செய்தேன். சாயங்காலம் ஸ்டோர் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து வடிவின் எதிரே உட்கார்ந்தேன். முதல் நாள் பேச்சு நாலு நிமிஷத்தில் தீர்ந்துபோனது. இரண்டாம் நாள் ஸ்டோரில் என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். மூன்றாம் நாள் அவள் கொழுந்து பறிக்கிற மலையில் என்ன நடந்தது என்று நான் கேட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்து, சோறு ஆறிப்போனது. அதன்பிறகு கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் இரண்டு பேரும் கொத்மலைக்குப் போனோம். மகள் முகம் தெளிந்து, வயிறு லேசாக மேடிட்டு இருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு ஒரு தகப்பனுக்கு உரிய கம்பீரம் வந்துவிட்டது.

"நீ எழுதுனபடியே எல்லாத்தையும் செஞ்சிட்டேம்மா. குசினிக்குக் கொழா வந்திருச்சு. காம்பராவும் காலி."

நாகலெட்சுமி முழித்தாள்.

"நான் எப்பப்பா கொழா கேட்டேன்?"

"கடுதாசியில எழுதியிருந்தியே. பெரிய கடுதாசி."

"பெருசாவா? நான் ரெண்டே வரிதானே எழுதுனேன். நாலு மாசம், ஏழாம் மாசம் கூட்டிட்டுப் போங்கன்னு. அதுவும் போஸ்ட்காட்டுல."

நான் வடிவைப் பார்த்தேன். அவள் மகளின் கொல்லையில் இருந்த கத்தரிச்செடியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மலை இறங்கி, ஆறு தெரிகிறவரை பொறுத்துக்கொண்டேன்.

"அது சுகிர்தம் டீச்சர் எழுத்தா?"

"ஆமாங்க. நல்ல எழுத்து, இல்ல?"

"கொழா, காம்பரா, பேச்சு, கோழி, இதெல்லாம்?"

"அதெல்லாம் நான் ஒங்ககிட்ட வாயால சொல்லிக்கிட்டே இருந்ததுதான். ஒங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். கண்ணு நல்லாத்தானே இருக்குன்னு எழுத்துல குடுத்துப் பாத்தேன்."

வடிவு என் தோள்பக்கம் சாய்ந்துகொண்டு மடியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இது எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. என்ன எழுதியிருக்குன்னு பாத்து, செஞ்சிருங்க."